கூட்டத்தில் எழுந்து நிற்கும் ஆள்

அழகுமலைக்கு இரண்டு தொழில். ஒன்று ஊருக்குத் தெரியும். தேனி வாழைக்காய் மண்டியில் தார் இறக்குவது, தரம் பிரிப்பது, வெளியூர் லாரிக்கு ஏற்றிக் கயிறு கட்டி அனுப்புவது. இன்னொன்று கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. வேல்பாண்டியின் மேஜிக் ஷோ நடக்கிற இடத்துக்குத் தனியாகப் போய், கூட்டத்தின் நடுவில் யாரோ எவரோ போல உட்கார்ந்திருந்து, நல்ல கட்டம் பார்த்து எழுந்து, "இதெல்லாம் ஏமாத்து வேலையப்பா!" என்று கத்துவது.

சிரிக்காதீர்கள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. மேஜிக் பார்க்க வருகிறவன் எவனும் நம்ப வருவதில்லை, கண்டுபிடிக்க வருகிறான். பெட்டிக்கு அடியில் ஓட்டையா, கோட்டுக்குள் புறாவா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்காருவான். நூறு பேர் அப்படிப் பார்த்தால் எந்த மேஜிக்காரனுக்கும் கை நடுங்கும். வேல்பாண்டி அதற்கு ஒரு வழி வைத்திருந்தான்.

"கூட்டத்துல இருக்கிற சந்தேகத்தை எல்லாம் நீ ஒருத்தனே மொத்தமா வாங்கிக்கிறணும் மாப்ள. வாங்கிட்டு மேடைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால நீயே அதைத் தொலைச்சிட்டுப் போயிறணும்."

அழகுமலைக்கு அதற்கென்றே செய்து வைத்த முகம். ஒரு புருவம் எப்போதும் மேலே ஏறியே இருக்கும். தக்காளி வாங்கினாலும் முகர்ந்து பார்ப்பார், பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டையும் திருப்பிப் பார்ப்பார். வேல்பாண்டிக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே அந்த முகத்தால்தான். தேவதானப்பட்டித் திருவிழாவில் வேல்பாண்டியின் ஷோ. இளவட்டமாக இருந்த அழகுமலை நிஜமாகவே எழுந்து நின்று நிஜமாகவே திட்டினார். கூட்டம் கைதட்டியது. மேடைக்கு ஏறிப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் இறங்கியபோது கூட்டம் அதைவிடப் பலமாகக் கைதட்டியது. மறுநாள் வேல்பாண்டி மண்டிக்கே தேடி வந்துவிட்டான்.

"அண்ணே, நேத்துத் திட்டினீகளே, அதே மாதிரி ஞாயித்துக்கிழமை போடியில வந்து திட்டுவீகளா?"

அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் திட்டிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெளியிடத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தேனி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தாலும் முகம் மாறாமல் போய்விடுவார்கள். வேல்பாண்டியின் அப்பா செத்தபோது ஆண்டிபட்டித் தெருமுனையில் வழிப்போக்கர் மாதிரி நின்று பார்த்துவிட்டு, ஒரு மாலை போடாமல் திரும்பினார் அழகுமலை. அவருடைய மகள் கல்யாணத்துக்கு வேல்பாண்டி வரவில்லை. தனியில் 'அண்ணே' போய் 'மாப்ள' ஆகியிருந்தாலும், பேர் சொல்லிக் கூப்பிடுவது அறவே கிடையாது. மேடையில் "ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றுதான் வேல்பாண்டி ஆரம்பிப்பான். பேச வேண்டியதையெல்லாம் வைகை அணைப் பூங்காவில் வைத்துப் பேசுவார்கள். அங்கே வருகிற கூட்டத்துக்குத் தன் பிள்ளை தண்ணீரில் விழாமல் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும், இவர்களை யார் பார்க்கப்போகிறார்கள்.

இன்னொரு பாடமும் வேல்பாண்டி சொல்லிக்கொடுத்ததுதான். பொய் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தக்கூடாது. எதிராளியின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் நேராகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழகுமலை அதை மேடையில் கற்று வீட்டில் பழகினார். "ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஏத்தப் போறேன்" என்று மனைவி சண்முகத்தாயின் புருவத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறுவார். அந்த அம்மாளும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பும்.

கல்யாண வரவேற்புகள்தான் அவருக்குப் பிடித்தவை. மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைப்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் உபசாரம் பலமாக இருக்கும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுந்து திட்டுவார்.

பெட்டிதான் வேல்பாண்டியின் பெரிய அயிட்டம். பச்சைப் பெயிண்ட் அடித்த தகர ட்ரங்குப் பெட்டி. உள்ளே வேல்பாண்டி உட்கார்ந்ததும் கூட்டத்தில் ஒருவர் கொடுக்கிற பூட்டைப் போட்டுப் பூட்டி, கயிறு கட்டி, துணி போர்த்துவார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் வெளியே நிற்பான். அதற்கு முன்னால் பெட்டியைச் சோதிக்க வருகிற சந்தேகக்காரர் அழகுமலை. மேடையேறி, கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, பெட்டியை மூன்று தரம் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மெதுவாக நிமிர்ந்து, "தகரம் நல்ல தகரந்தேன். உள்ள போற ஆளுதேன் சரியில்ல" என்பார். சிரிப்பு அடங்கவே நேரமாகும். ஊருக்கு ஊர் வார்த்தையை மாற்று என்று வேல்பாண்டி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். மாற்றுவதற்கு அழகுமலைக்கு மனசு வரவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு அப்படிப் பழகிவிட்டது.

பிறகு கயிறு கட்டுவார். பார்க்கிறவர்களுக்கு அவர் மூச்சைப் பிடித்து இறுக்குவது போலத் தெரியும். முழங்காலைப் பெட்டியின் பின்பக்கம் கொடுத்துத்தான் இறுக்குவார். காலை எடுத்ததும் அங்கே கயிறு தொளதொளத்துப் போகும். பெட்டியின் பின்தகடு கதவு மாதிரி, உள்ளிருந்து தள்ளினால் அது திறக்க அந்தத் தொளதொளப்பு வேண்டும். அவ்வளவுதான் மாயம், அவ்வளவும் அழகுமலையின் முழங்காலில் இருந்தது.

போன வருடம் வைகை அணைப் பக்கம் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்தது. மேஜிக்காரனைப் பற்றிய படமாம். கதாநாயகனுக்குச் சீட்டுக்கட்டுப் பிடிக்கச் சொல்லித்தர வேல்பாண்டியைக் கூப்பிட்டார்கள். அவனும் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் வந்தான்.

"என்ன கேட்டாக?" என்றார் அழகுமலை.

"சீட்டு எப்பிடிப் பிடிக்கிறது, காசை எப்பிடி மறைக்கிறதுன்னு கேட்டாக. வேற ஒண்ணுமில்ல மாப்ள."

சொல்லும்போது வேல்பாண்டி அவரை நேராகப் பார்த்தான். புருவத்துக்கு நடுவிலா, கண்ணையா என்று அழகுமலைக்கு அப்போதே ஒரு நெருடல்.

படம் வந்தது. சண்முகத்தாயைக் கூட்டிக்கொண்டு தேனியிலேயே பார்த்தார். படத்து மேஜிக்காரன் கண்ணுக்கு மை தீட்டியிருந்தான். அவன் நடந்தால் புகை வந்தது, விரலைச் சொடுக்கினால் பணக்காரப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மேடையேறுகிற வேல்பாண்டியை இவர்கள் பார்த்தார்களா பார்க்கவில்லையா என்று நினைத்துக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. படத்தில் மேடையில் ஒரு பெட்டி. கூட்டத்தில் தோளில் துண்டு போட்ட ஒரு ஒல்லி ஆள் எழுந்தான். மேடையேறினான். கட்டைவிரலை நக்கினான். மூன்று தரம் தட்டினான். "தகரம் நல்ல தகரந்தேன்" என்றான். தியேட்டர் குலுங்கியது. அடுத்த காட்சியில் அந்த ஒல்லி ஆளும் மேஜிக்காரனும் மேடைக்குப் பின்னால் ஒரே பாட்டிலில் குடித்தார்கள். அவன் இவனுடைய ஆள்! இன்னொரு காட்சியில் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து மேஜிக்காரன் தட்டுகிறான், ஒல்லி ஆள் மாரில் அடித்துக்கொண்டு "ஐயோ, உள்ள செத்துக்கிட்டிருக்கான், தெறங்க" என்று அழுகிறான், கூட்டமும் அழுகிறது, மேஜிக்காரன் வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வருகிறான்.

சண்முகத்தாய் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலாப்பழம் வாங்கும்போதெல்லாம் அவர் கட்டைவிரலை நக்கி மூன்று தரம் தட்டுவதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவள்.

"அது நீங்கதான?"

"எது?"

"அந்தத் துண்டு போட்ட ஆளு."

"கிறுக்கச்சி, நான் என்னைக்கு சினிமாவுல நடிச்சேன்?" என்று புருவத்துக்கு நடுவில் பார்த்துச் சொன்னார்.

"நடிச்சீகன்னு நான் சொல்லலயே" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு எங்கே புறப்பட்டாலும், "இதாச்சும் நெசமா?" என்று ஒரு கேள்வி கூடவே வந்தது. சோறு கட்டிக் கொடுப்பது நின்றுபோனது.

அழகுமலைக்குப் பொறுக்கவில்லை. வார்த்தை அவருடையது, விரல் அவருடையது. அவற்றை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். பூங்காவில் வைத்துக் கேட்டே விட்டார்.

"என்னைய வித்துட்டேல்ல?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல மாப்ள."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தான சொல்றேன்."

"நீ பாக்குறதுல எனக்கு என்னடா தெரியும்? அதச் சொல்லிக்குடுத்தவனே நீதான."

வேல்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் விழுங்கிவிட்டான். அந்த விழுங்கலைப் பார்த்ததும் அழகுமலைக்குச் சந்தேகம் தீர்ந்தது, அதாவது முற்றியது. இவன்தான். ஒல்லி ஆளைக் குடிகாரனாகக் காட்டச் சொன்னதும் இவனாகத்தான் இருக்கும் என்றுவரை போனார்.

படத்தால் வேல்பாண்டிக்கு அழைப்பு குறையவில்லை, கூடியது. ஆனால் எல்லோரும் அவன் வித்தையைக் கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டார்கள். கையில் போனோடு வந்தார்கள். அழகுமலையும் போவதை நிறுத்தவில்லை. அவனை ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்குக் கூடவே இருந்தால்தான் முடியும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார்.

சின்னமனூரில் வாழை வியாபாரி ஜெபராஜ் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. சாயங்காலமே மண்டபம் நிறைந்துவிட்டது. அழகுமலை நடுவில் உட்கார்ந்திருந்தார். புறா வந்தது, பூ வந்தது, பெட்டியும் வந்தது. அவர் எழுந்தார். வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கூச்சல்.

"எந்திரிச்சுட்டாருய்யா! படத்துல வர்ற ஆளு!"

மண்டபமே சிரித்தது. மேடைப்படி வரைக்கும் நடந்த அழகுமலையின் கால் அங்கேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் சிநேகிதன் ஜோஷ்வா, சொந்தமாக லாரி ஓட்டுகிறவன், தாவி மேடையேறினான்.

"பெருசு, நீங்க அங்கனயே நில்லுங்க. பொட்டிய இன்னைக்கு நாங்க பாத்துக்கிறோம்."

வெளியே நின்ற லாரியிலிருந்து லோடு கட்டும் நைலான் கயிறு வந்தது. வேல்பாண்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை போன் தூக்கிப் பிடித்திருக்கும்போது எந்த மேஜிக்காரன் வேண்டாம் என்பான்? சிரித்தான். "கட்டுங்க தம்பி" என்றான். பெட்டிக்குள் உட்காரும் முன்னால் ஒரு நொடி படிப் பக்கம் பார்த்தான். அழகுமலை வேறெங்கோ பார்த்தார்.

ஜோஷ்வா பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டான். பெட்டிமேல் காலை வைத்துக் கயிற்றை இழுத்தான். கயிறு பின்தகட்டின் மேல் குறுக்கே பதிந்து இறுகியதை அழகுமலை பார்த்தார். மலைப்பாதையில் லாரி எத்தனை குலுக்குக் குலுக்கினாலும் அசையாத கட்டு அது. தினமும் அவர் போடுகிற கட்டு. உள்ளிருந்து திறக்காது என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவன்தானே, முடிந்தால் வரட்டும் என்று நினைத்தார். அதோடு நிற்காமல், இவன் ஏன் இவ்வளவு தைரியமாக உள்ளே போனான் என்றும் யோசித்தார். எனக்குத் தெரியாமல் வேறு வழி வைத்திருக்கிறான். இனிமேல் நான் வேண்டாம் என்று பெட்டியையே மாற்றிவிட்டான். அதுதான் விஷயம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. பெட்டிக்கு மிக அருகில் நின்றது அழகுமலைதான். துணிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. அவர் கேட்டார். படத்திலும் இப்படித்தானே தட்டினான் என்று நினைத்தார். கூட்டமும் அதையேதான் நினைத்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எல்லோரும் மண்டப வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தட்டும் சத்தம் பலமிழந்துகொண்டே போனது. பிறகு தகரத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அழகுமலை."

பாட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"அழகுமலை... மாப்ள..."

அப்பன் செத்த அன்றைக்குத் தெருமுனையில் பார்த்தும் சொல்லாத பேர். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து அழகுமலை தவறி விழுந்தபோதும் எதிரில் நின்ற வேல்பாண்டி வாயில் வராத பேர். அதை மேடையில், மண்டபம் நிறைந்த ஜனத்துக்கு நடுவில் அவன் சொல்கிறான் என்றால் அது வித்தையாக இருக்கவே முடியாது.

அழகுமலை ஓடினார். துணியை இழுத்து எறிந்தார்.

"ஏலே, ஆளு மூச்சு முட்டிக் கெடக்கான்டா! கயித்த அவுங்கடா! சாவியக் கொண்டா!"

மண்டபம் கைதட்டியது. "பாரு, பாரு, என்னமா நடிக்கிறாரு!" ஜோஷ்வா போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து சிரித்தான். "நெசமாத்தேன் சொல்றேன்யா!" என்று அழகுமலை கத்தினார். அந்த வட்டாரத்தில் அந்த வார்த்தையை அவரைவிட அதிகம் பொய்யாகச் சொன்ன மனுஷன் கிடையாது. சிலர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்கள், வேல்பாண்டி உள்ளே வரும்போது படம் பிடிக்க.

அவர் கத்துவதை நிறுத்தினார். முடிச்சில் பல்லை வைத்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கயிறு ஒருவழியாக நெகிழ்ந்ததும் பெட்டியைப் புரட்டிப் பின்தகட்டைக் கையாலேயே இழுத்துத் திறந்தார். கக்கத்தில் கைகொடுத்து வேல்பாண்டியை வெளியே இழுத்து மடியில் போட்டார். முகம் கறுத்திருந்தது, கோட்டு தொப்பலாக நனைந்திருந்தது. "மாப்ள, மாப்ள" என்று துண்டால் விசிறினார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

பெண்ணின் அத்தை ஜெபராணி ஆஸ்பத்திரி நர்ஸ். அவள்தான் முதலில் மேடைக்கு ஓடிவந்தாள். வேல்பாண்டியின் உதட்டைப் பார்த்தாள், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். பாட்டு நின்றது. ஜோஷ்வா போனைக் கீழே இறக்கினான். வாசலில் நின்றவர்களுக்குத்தான் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.

வேல்பாண்டி பிழைத்துக்கொண்டான். காற்றாடட்டும் என்று ஜெபராணி இருவரையும் சமையற்கட்டுக்குப் பின்னால், வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, வண்டி ஏற்பாடு செய்யப் போனாள். வெளியிடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. தண்ணீரைக் குடித்துவிட்டு வேல்பாண்டி கரகரத்த குரலில் பேசினான்.

"படத்துல வேலை பாத்த புள்ளை ஒண்ணு, ஜெஸ்லின்னு பேரு, தேனிப்புள்ளதான். அது போடியிலயும் நம்ம ஷோவப் பாத்திருக்கு, கம்பத்துலயும் பாத்திருக்கு. ரெண்டு ஊர்லயும் ஒரே ஆளு எந்திரிச்சு, ஒரே மாதிரி வெரல நக்கி, ஒரே வார்த்தையச் சொன்னாருன்னு சிரிச்சுச்சு. நான் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டேன்."

வேல்பாண்டி இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்த வார்த்தைக்குச் சிரிப்பு வந்தா மறுநாள் பூரா உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. உன்னாலதேன் கெட்டுச்சுன்னு எப்பிடி மாப்ள சொல்றது?"

வேல்பாண்டி எங்கே பார்த்துச் சொல்கிறான் என்று அழகுமலை கவனிக்கவே இல்லை. கவனிக்க வேண்டியிருக்கவில்லை. போடியில் சிரித்த கூட்டம் நினைவுக்கு வந்தது, கம்பத்தில் சிரித்த கூட்டமும் வந்தது. இரண்டு இடத்திலும் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத் தான் இன்னொரு தரம் தட்டியதும் வந்தது.   பிய்ந்த நகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டார்.

வேல்பாண்டி இலைக்கட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"மாப்ள, பேரச் சொல்றதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் தட்டுனேன். உனக்குக் கேட்டுச்சா?"

அழகுமலை தலையை நிமிர்த்தினார். அவனுடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் நேராகப் பார்த்தார்.

"கேக்கல மாப்ள. பாட்டுச் சத்தம்."

வேல்பாண்டி அந்தப் பார்வையைப் பார்த்தான். அவன் சொல்லிக்கொடுத்த பார்வைதான். பிறகு அவனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி" என்றான்.